கத்த மறந்த பல்லிக்குட்டி

பல்லிக்குட்டியின் விரல்கள் உள்ளங்கையில் ஊன்றும்போது, ஈரமே இல்லாத ஒரு குளிர்ச்சி ஒட்டி ஒட்டி விடுபடும். தெஹியோவிட்டைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில், ஒட்டுப்பால் வாடை சுவரெல்லாம் ஏறிக் கிடந்த, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக் காம்பராவில், அந்தக் குளிர்ச்சிக்காகச் சுவரில் கையை வைத்தபடி மரக்கட்டை போல நெடுநேரம் நின்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவனும் நான்தான்.

குட்டி என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெளுத்த உடம்போடு, ஒரு வேலையும் பார்க்காமல், உயரத்திலிருந்து எங்களை மேற்பார்வை செய்துகொண்டே இருந்ததால் அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தேன். துரையை நான் வளர்த்தது பாசத்தால் அல்ல, ஒரு சதித்திட்டத்துக்காக. மழை பிடித்தால் றப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாவிட்டால் அப்பாவுக்குக் கூலியும் இல்லை என்பதால், அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது.

எங்கள் லயத்தில், பேச்சுக்கு நடுவே பல்லி கத்தினால் அந்தப் பேச்சு பலிக்கும். பெரியவர்கள் விரலால் மூன்று முறை தட்டி, "சொல்லிருச்சு" என்பார்கள். அம்மாவை ஏற்றிப்போக வரவிருந்த திரீவீல்கார சுனில் அய்யாவுக்கோ, சிங்களவர் வழக்கப்படி, புறப்படும் நேரத்தில் 'ஹூனா' கத்தினால் கெட்ட சகுனம். வண்டியை எடுக்கவே மாட்டார். ஒரே பல்லி, எங்களுக்குத் தலையாட்டும், அவரைக் கைநீட்டி மறிக்கும். அந்த மறியலைத்தான் நான் நம்பியிருந்தேன்.

முதன்முதலில் பிடித்தபோது துரை வாலை என் கையில் விட்டுவிட்டு, 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டது. தரையில் துள்ளிய வாலைவிட அந்தச் சத்தம்தான் எனக்கு அதிசயமாக இருந்தது. சட்டைப் பையில் வைத்திருந்து, நேரம் பார்த்து அமுக்கினால் போதும். ஆனால் பைக்குள் இருக்க அது பழக வேண்டுமே. மழை விட்டதும் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பிடித்து, இறகைக் கிள்ளி, விரல்நுனியில் வைத்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பேன். முதலில் கவ்விக்கொண்டு ஓடியது; பிறகு விரலில் ஏறி உட்கார்ந்தே தின்றது; புதுவால் மொட்டு விட்டபோது, பைக்குள் என் நெஞ்சுச் சூட்டில் தூங்கவே தொடங்கிவிட்டது. அம்மா பயணத்துக்குத் துணி மடித்தபடி, "தொரைக்கு ஊட்டுனது போதும், நீ வந்து தின்னு" என்பாள்.

புறப்படும் காலையில் திரீவீல் வாசலில் நின்றது. அப்பா பையைத் தூக்கியபடி அம்மாவிடம், "ரெண்டு வருசந்தான் புள்ள, வந்துருவ" என்றார். நான் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துரையை அமுக்கினேன். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். அது என் விரலை நக்கிப் பார்த்துவிட்டு, தன் கண்ணையும் ஒருமுறை நக்கிக்கொண்டது. பயத்தை விடும்படி அத்தனை பாடுபட்டுப் பழக்கியிருந்தேன். பயத்தோடு கத்தலும் சேர்ந்து போகும் என்று இந்த மேதைக்கு அப்போதுதான் உறைத்தது.

வேறு வழியின்றி நாக்கை அண்ணத்தில் ஒட்டி நானே கத்தினேன். முன்பல் விழுந்திருந்த நேரம். பல்லிச் சத்தத்தோடு காற்றும் எச்சிலும் சேர்ந்து போயின.

சுனில் அய்யா இன்ஜினை நிறுத்தினார். "ஹூனா கத்துறான் அக்கே. டிக்கக், கொஞ்சம் இருந்துட்டு போவோம்."

அப்பா கதவு நிலையில் மூன்று முறை தட்டினார். "பாத்தியா, சொல்லிருச்சு."

அம்மா மட்டும் என் வாயைப் பார்த்தாள். "இந்தப் பல்லிக்கும் முன்பல்லு விழுந்துருச்சு போல" என்று மெதுவாகச் சொன்னவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அடுப்பை ஊதி எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள். அவள் அவ்வளவு மெதுவாக டீ குடித்து நான் பார்த்ததேயில்லை. என் சதியால் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கோப்பை நேரம்தான். விமானம் இரவில்தான் என்பதை என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

துரை சில நாட்களில் பக்கத்துக் காம்பராப் பூனைக்கு முன்னாலும் ஓடாமல் நின்றது. அம்மாவின் அழைப்புகள் இரண்டு வருடம் வந்தன. பிறகு, நாங்கள் அழைத்தபோது, அந்தக் குவைத் வீட்டில் அப்படி ஒருத்தி இல்லை என்றார்கள். எங்கே போனாள் என்று சொல்ல ஆளில்லை. அனுப்பிய ஏஜென்ட்டின் நம்பரும் வேலை செய்யவில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு பல்லிக் கத்தலுக்கும் தட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த லயம் இல்லை. சுவர் வெடித்ததால் இடித்துவிட்டு, கீழே சீமெந்து வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பல்லிகளுக்குக் குறைவில்லை. அப்பா பகலெல்லாம் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்; பல்லி கத்தினாலும் அவர் விரல் அசைவதில்லை. போன வாரம் அவருக்குப் பின்னால் நின்று, "அம்மா வந்துரும்ப்பா" என்று சொல்லிவிட்டு, நாக்கால் கத்திப் பார்த்தேன். இப்போது பல்லெல்லாம் இருக்கிறது. அசல் பல்லிகூட அவ்வளவு சுத்தமாகக் கத்தாது.

கதிரைக் கையில் கிடந்த விரல் எழும்பவில்லை.

"போயி பிளேன்டீ ஊத்துடா" என்றார்.