ஜெயசீலியின் பெல்

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையின் ஜெயசீலிக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். ஆபீஸ் ரயிலில் இடுப்பைக் கிள்ளியவனின் மூக்கை டிபன் பாக்ஸால் உடைத்தவள். கம்ப்யூட்டரில் கோடு எழுத உட்கார்ந்தால் மட்டும் அந்தக் கை நிதானமாகிவிடும்.

பெங்களூரில், பாரம் தூக்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. எடை, உயரம், வேகம், பிரேக் என்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில்தான் இயந்திரத்துக்கான கட்டளையை முழுசாகக் கட்டித்தரும் 'பில்டர்' என்ற நிரலை அவள்தான் எழுதினாள். ஒன்று குறைந்தாலும் கட்டளை பிறக்காது. அந்தக் கடைசிப் படிக்கு 'பெல்' என்று பெயர் வைத்தாள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜின் கதவைச் சாத்தாமல், இறக்கச் சொல்லி எவனும் பெல் அடிக்கமாட்டான்; இது அவள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

டீம் லீடர் ராகேஷுக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர் முன்னால் இயந்திரம் 'பிரேக் பதிவாகவில்லை' என்று அடம்பிடித்ததும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தச் சோதனையையே பிடுங்கி எறிந்தான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. மறுநாளே, பிரேக் பதிவாகாமலே தூக்கிய இரும்புத்தூண் ஒன்று நழுவி விழுந்தது. கீழே வேலை செய்துகொண்டிருந்த ஃபிட்டர் ஃப்ரெடி அவளுடைய தம்பி. அவன் வலது கை முழங்கைவரை கூழாகிப்போனது.

"குடிச்சிட்டு வந்திருந்தான்" என்று மேலே சொல்லிவிட்டான் ராகேஷ். கை போனது போதாதென்று நஷ்டஈடும் போகும், வேலையும் போகும்.

ஜெயசீலி அந்தச் சோதனையைப் பழையபடி எழுதிச் சேர்த்தாள். பிறகு ராகேஷின் சட்டையைப் பிடித்து இயந்திரம் நிற்கும் ஷெட்டுக்கு இழுத்துப்போனாள். திமிறினான், வாயிலேயே குத்தினாள். பல் ஒன்று ரத்தத்தோடு தெறித்தது. தொங்கிக்கொண்டிருந்த இரும்புப் பாளத்துக்குக் கீழே அவனைத் தள்ளி, நெஞ்சில் மிதித்தபடி தானும் நின்றாள்.

"சம்பங்கிண்ணா, பிரேக்க உட்டுட்டு மீதியெல்லாம் போட்டு பட்டன அமுக்குங்க" என்று இயந்திரத்தை ஓட்டுபவரிடம் கத்தினாள்.

"அமுக்காதீங்க, விழுந்துடும். அந்த செக்க நான்தான் எடுத்தேன்" என்று ராகேஷ் அலறினான். ஷெட் முழுக்கக் கேட்டது.

"அமுக்குங்கண்ணா."

ஃப்ரெடியை அன்று கை தொங்கத் தொங்கத் தூக்கிக்கொண்டு ஓடியவர் சம்பங்கி. அமுக்கினார்.

பாளம் அசையவில்லை. திரையில் 'பிரேக் பதிவாகவில்லை' என்று வந்தது.

அவள் வேலை போயிற்று, போலீஸ் கேஸும் ஆயிற்று. அவள் கவலைப்படவில்லை. தம்பி குடிகாரன் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய், ஷெட்டில் நடந்ததையெல்லாம் அவனிடம் குஷியாகச் சொன்னாள்.

ஃப்ரெடி கட்டுப்போட்ட முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஷின் அப்டியே நின்னுச்சாக்கா?"

"நின்னுச்சிடா."

"அப்ப அன்னிக்கும் நின்னிருக்குமில்ல?"

ஜெயசீலிக்கு அடிக்க ஆள் இல்லை. உட்கார்ந்து அழுதாள்.