சைகோன் பூதம்

மருந்துக்கடையில் யாரோ நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்ததும், பிரெஞ்சுக்காரன் கொடி இறங்காத காரைக்காலில் ஞாயிறுதோறும் குஸ்தி நடந்த ஓலைக்கொட்டகையும், கப்பலேறியே அறியாத என் அப்பா கறுப்பு முகமூடிக்குள் ‘சைகோன் பூதம்’ ஆகி, பேசி வைத்தபடி தோற்கும் மேடையும் கண்முன் வந்துவிட்டன. பூதம் யாரென்று தெரிந்தால் வேஷம் போய்விடும். அதனால் பெண்கள் பக்கம் தனியாக உட்கார்ந்து, ஊரோடு சேர்ந்து நானும் அவரை ஏச வேண்டும்.

“அடிங்க அந்தப் பூதத்த!” என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

அம்மா இல்லாத வீட்டில், வீங்கிய தோளுக்கு நான் தைலம் தேய்க்கையில், “ஒன் சத்தம் மட்டும் தனியா கேட்டுச்சும்மா” என்பார்.

எனக்குக் காய்ச்சலடித்த ஞாயிறன்று கொட்டகையில் நிற்க இடமில்லையாம். திரும்பி வந்தவர், தைலம் வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“இன்னைக்கி அங்க யாருமே வரலம்மா.”