இருக்கன்குடியில் அம்மா தூக்கிக் காட்டிய கை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. அண்ணன் காகிதத்தை என்னிடம் தந்தபோதே, "நல்லபடியா எழுதுத்தா, யாரையும் வம்புக்கு இழுக்காத" என்று சொல்லித்தான் தந்தார். முடிந்தவரை முயல்கிறேன்.

அம்மா ஆனைக்குட்டத்தில் ஒரு சம்சாரி வீட்டில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவர். பதினாறு வயதில் விஸ்வநத்தத்துக்கு வாக்கப்பட்டு வந்தார். எனக்கு நான்கு வயதாகும்போது அப்பா காய்ச்சலில் காலமானார். அதன் பிறகு அம்மா பட்டாசுக் கம்பெனிக்குச் சரம் பின்னப் போனார். வெடிகளின் திரியை நூலில் கோத்து, பூத்தொடுப்பது போல அடுத்தடுத்துப் பின்னிக்கொண்டே போகும் வேலை அது. தீபாவளி சீசனில் அம்மாவின் விரல் ஓடும் வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். இதை அம்மா எங்களிடம் சொன்னதில்லை. தற்பெருமை அவருக்கு வராது, எனக்குத்தான் வரும்.

எனக்குப் பதினெட்டு வயதானபோது அந்த வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், மாவை உருட்டுவது போலத் தாமாக உருண்டன. பிறகு கை முழுவதும் ஆடியது. நடை சுருங்கியது. பின்னல் தளர்ந்தது. பக்கத்தில் இருந்து வேலை பார்த்த பேச்சியம்மாள் அத்தை, தன் பங்கை முடித்துவிட்டு அம்மாவின் மிச்சத்தையும் பின்னி, ஒன்றும் தெரியாதவர் போல அம்மாவின் கூடையில் போட்டுவிடுவார். மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு இது பார்க்கின்சன் வியாதி, தமிழில் நடுக்குவாதம் என்றார். நடுக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்த மாத்திரை தந்தார். அடியோடு குணமாக்கும் மருந்து கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஒளித்தவர்கள் நாங்கள்தான். கேட்டவர்களிடம் எல்லாம் வாய்வு என்றோம். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். சீக்கு உள்ள வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

எனக்கு இருபத்திரண்டு வயதான அந்த வருடம் ஊரெல்லாம் ஒரு பெரிய நாடக நடிகரைப் பற்றியே பேச்சு. மேடையில் கை நடுங்கி வாளைத் தவறவிட்டார், பாதி நாடகத்தில் இறங்கிப் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. மதுவிலக்கு உள்ள நாட்டில் குடித்துவிட்டு மேடை ஏறலாமா என்று ஒரு கட்சி. சம்பளத்தைக் கூட்டுவதற்காக நடுக்கத்தையும் நடிக்கிறார் என்று இன்னொரு கட்சி. எங்கள் அண்ணன் முதல் கட்சி. டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அந்த நடிகரை வறுத்தெடுப்பார். வீட்டுக்கு வந்தால் ஆடும் கையால் அம்மா ஊற்றிய குழம்பு இலைக்கு வெளியே சிந்தும். அதைத் துடைத்துவிட்டுச் சாப்பிடுவார். இரண்டு நடுக்கமும் ஒன்றுதான் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. சொல்லவில்லை.

ஆடி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வைத்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. கோயிலில் என்றால் பிடிக்காவிட்டாலும் இரு வீட்டுக்கும் சங்கடம் இல்லை. கையில் கனம் இருந்தால் அம்மாவுக்கு நடுக்கம் கொஞ்சம் அடங்கும். அதனால் ஒரு தேங்காயைக் கொடுத்து, முந்தானைக்குள் வைத்துக்கொள்ளும்படி நான்தான் சொன்னேன். அம்மாவும் அப்படியே நின்றார். மாப்பிள்ளையின் அம்மா என் தலையில் பூ வைத்தார். எல்லாம் நல்லபடியாகவே போனது.

அப்போது பார்த்து அந்த நடிகர் வந்தார். நேர்த்திக்கடனாம். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. பூசாரி நீட்டிய தட்டிலிருந்து அவர் அள்ளிய திருநீறு பாதி வழியிலேயே கொட்டிவிட்டது.

"தண்ணியப் போட்டுட்டுக் கோயிலுக்கே வந்துட்டான்லே!"

"போலீசக் கூப்பிடுங்கப்பா!"

யாரோ ஒருவர் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் இருந்த அம்மா கூட்டத்துக்குள் நுழைந்ததை நான் கவனிக்கவில்லை. தேங்காய் உருண்டு வந்து என் காலில் முட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வலது கையை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்திருந்தார். அது தோள் வரைக்கும் கிடுகிடுவென்று ஆடியது.

"இந்தக் கையப் பாருங்கய்யா! நான் குடிச்சிருக்கேனா?"

அடுத்த நொடி முன்னால் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா எறங்கிட்டா!"

இருக்கன்குடியில் ஒரு பெண் கையைத் தூக்கி ஆடினால் வேறு என்ன நினைப்பார்கள்? அம்மாவின் காலில் விழுந்தார்கள். குறி கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு குனிந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது உயிரே திரும்பி வந்தது. சாமி வருகிற வீடு என்றால் பெருமைதானே? அம்மா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

அம்மா குனிந்து காலில் கிடந்த பெண்ணைத் தூக்கிவிட்டார்.

"ஆத்தா இல்ல தாயி. எனக்குச் சீக்கு. நடுக்குவாதம். அந்தா நிக்காகளே, அவுகளுக்கும் இதே சீக்குதான்."

கூட்டம் விலகியது. நடிகர் கும்பிட்டபடியே அருகில் வந்தார். கும்பிட்ட இரண்டு கைகளும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

"எத்தனை வருஷமாம்மா?"

"நாலு வருசமாச்சுய்யா. உங்களுக்குச் சட்டப் பொத்தான் போட முடியுதாய்யா?"

"முடியலம்மா," என்றார். மேடையில் ராஜா வேஷம் கட்டுகிறவரின் கண்ணில் நீர் நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் பொங்கல் வாங்கிச் சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டார்கள். திரும்பும் வழியில் அம்மாவிடம் நான் கத்தினேன்.

"சாமின்னே விட்டிருக்கலாம்லம்மா? என் கல்யாணம் நடந்திருக்குமே!"

"ஆத்தா சன்னதில ஆத்தா பேரச் சொல்லிப் பொய் பேசவாட்டி? நான் சாமியாயிட்டா அந்த மனுசன் குடிகாரனாத்தான நிப்பாரு."

அதன் பிறகு ஒரு மாதம் நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு மாதத்தை இப்போது யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

அடுத்த வாரம் ஒரு பத்திரிகை, நடிகர் கோயிலுக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து கையை ஆட்டிக் காட்டச் சொன்னார் என்று எழுதியது. டீக்கடையில் அதை ஒருவர் உரக்கப் படிக்க, அண்ணன் எழுந்து, "அது எங்க அம்மால்லே!" என்று சொல்லிப் பேப்பரைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் வாய்வு என்று சொன்னதில்லை. நடிகரிடமிருந்து ஒரே ஒரு தபால் அட்டை வந்தது. வேறு யாரையோ எழுதச் சொல்லி, கையெழுத்தை மட்டும் கோணல்மாணலாகத் தானே போட்டிருந்தார். அவர் அம்மாவுக்கு முன்பே போய்விட்டார். அந்த அட்டை இன்னும் எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அம்மாவின் கடைசிக் காலத்தில் எங்களோடு நின்றவர்களை மறக்க முடியாது. சரத்தோடு தன் அன்பையும் சேர்த்துப் பின்னிய பேச்சியம்மாள் அத்தைக்கும், மறைக்காமல் பேசிய மதுரை டாக்டருக்கும், வாரம் தவறாமல் மாத்திரை வாங்கி வந்த அண்ணனுக்கும் நன்றி. இருக்கன்குடியில் நடந்ததற்கு மூன்று வருடம் கழித்து, சீக்கு இருப்பது தெரிந்தே இந்த வீட்டில் பெண் எடுத்து, அம்மாவை எங்களோடு வைத்துக்கொண்டு, அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிய என் கணவருக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் சொல்கிறேன். பொங்கல் சாப்பிடாமல் போனவர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

தூங்கும்போது மட்டும் அம்மாவின் கை ஆடாது. கண் விழித்ததும் ஆட ஆரம்பிக்கும். கட்டிலை ஒரு பார்வை பார்த்து, கை ஆடினால் காப்பி கலப்பேன். இந்தக் கை ஒரு நாளாவது அடங்கக் கூடாதா என்று ஆத்தாவிடம் நான் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை.

போன வருடம் இதே நாள் காலையில் பார்த்தேன். கை ஆடவில்லை. தூங்குகிறார் என்று பாலை இறக்கி வைத்தேன். வாசல் தெளித்துவிட்டு வந்து பார்த்தேன். ஆடவில்லை. வெயில் கட்டில் வரைக்கும் வந்த பிறகும் ஆடவில்லை. அந்தக் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவை ஆடும்மா, ஒரே ஒரு தடவை ஆடும்மா என்று கெஞ்சினேன்.