கேமராவில் தெரிந்த கை

என் மனைவியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று, மேனாம்பேட்டில் என் வீடு போய்ச் சேரும்வரை முழுமனதாக நம்பிய புத்திசாலி நான்.

வாசலில் புதுக் கேமரா மாட்டியிருந்தேன். ஆள் வந்தால் என் போன் ஒலிக்கும். பூனையின் மீசைகூடத் துல்லியமாகத் தெரியும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனியின் ஆயுத பூஜை முடிந்து, பொரியைக் கொறித்தபடி எல்லோரிடமும் அதைத்தான் பீற்றிக்கொண்டிருந்தேன். அப்போது போன் ஒலித்தது. திரையில் ஒரு கை நெருங்கி வந்தது. சட்டென்று எல்லாம் சிவப்பானது; அந்தச் சிவப்பு மெல்லக் கீழே வழிந்தது. 'டமார்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

மனைவிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

ஆட்டோவில் தாவி ஏறினேன். வழியெல்லாம் உடைத்துப் போட்ட பூசணிக்காய்கள், உள்ளே சிவப்புச் சிவப்பாக.

"இன்னா சார், பேயறைஞ்ச மாரி கீறே?" என்றார் ஆட்டோக்காரர்.

"வீட்ல ஒரே ரத்தம்பா!"

"போலீசுக்குப் போன் போட்டியா நைனா?"

"போட்டா கேமராவை எதுல பார்க்கிறது?"

அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள், கையில் உடைத்த தேங்காய் மூடிகளோடு.

"போனை ஏன்டி எடுக்கல?" என்று கத்தினேன்.

"சாமி முன்னாடி வச்சிருக்கேன். பூஜை முடியாம எப்படி எடுக்கிறது? உங்க கேமராவைக் கழட்டத் தெரியல, அதான் அங்கேயே பொட்டு வச்சுட்டேன்."

லென்ஸிலிருந்து தண்ணீரில் குழைத்த குங்குமம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. திரையில் நான் பார்த்த கை, தினமும் எனக்குச் சோறு போடுகிற கை.