வெனிஸ் வாய்க்காலில் ஒரு சம்பான்காரர்

இரண்டு நீளத் துடுப்புகள் நெஞ்சுக்கு முன்னால் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வந்து விலகும். படகின் பின்பக்கம் நின்று, முன்னே பார்த்தபடி, உடலின் எடை முழுவதையும் அவற்றின்மேல் சாய்த்துத் தள்ள வேண்டும். அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். ரங்கூன் ஆற்றின் பழுப்பு நீரில், டலா கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் சம்பான் படகில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நிற்பார். ஏற்றமோ வற்றமோ, ஆற்றின் இழுப்பு எவ்வளவு இருந்தாலும் புறப்பட்ட துறைக்கு நேர் எதிரே கொண்டுபோய் விடுவார்.

அக்கா மிஷன் பள்ளியில் டீச்சர். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று அக்கா நின்றபோது, ரங்கூன் லான்மடாவ் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா மாதக்கணக்கில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலில் கல்யாணம் நடந்தது. அப்பா வந்தார், சாப்பிடாமல் போனார். அக்கா தலைகுனியக் கூடாதென்று அத்தான் சம்பானை விட்டுவிட்டுச் சரக்குக் கப்பலில் கலாசியாகச் சேர்ந்தார். அறுபதுகளின் நடுவில் அதே கப்பலில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது.

அப்படித்தான் ஒரு குளிர்காலத்தில், தேக்கு மரம் ஏற்றிக்கொண்டு, நாங்கள் வெனிஸ் போய்ச் சேர்ந்தோம். தெருவுக்குப் பதில் வாய்க்கால் ஓடும் ஊர் என்று படித்திருந்தேனே தவிர, அது இவ்வளவு நைந்து கிடக்கும் என்று நினைக்கவில்லை. பெரிய சதுக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் புறாக்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சந்து உள்ளே போனால் காரை உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. உப்பு அரித்த சுவரில் பச்சைப் பாசி ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. பல வீடுகளின் கீழ்த்தளம் பலகை அடித்து மூடிக் கிடந்தது. அத்தான் ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலோடு சுண்ணாம்பு வந்தது.

"பாவம் மாப்ளே. பாக்க வர்றவங்க நிறைய. பாத்துக்கத்தான் ஆளில்ல போலிருக்கு."

மறுநாள் காலை ஏற்றம் மிஞ்சிக் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் வழி தவறி நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வாசலில் கூச்சல் கேட்டது. நிறைமாதப் பெண் ஒருத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய மாமனார், தோளில் கட்டுப் போட்ட கிழவர். ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவராம், ஆங்கிலம் தெரிந்திருந்தது. மகன் அக்கரையில் ஆலை வேலையில் இருந்தான். ஆஸ்பத்திரியின் மோட்டார் படகு வந்துவிட்டது, ஆனால் வாய்க்காலின் குறுக்கே இருந்த சின்னப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தண்ணீர் பாலத்தின் வளைவைக் கிட்டத்தட்ட முட்டும் அளவுக்கு ஏறியிருந்தது. சுற்றுலாப் படகுக்காரர்கள் இருவர் வாய்க்கால் முனையில் நின்றார்கள். உயர்ந்த மூக்குள்ள அவர்கள் படகும் அதில் நுழையாது. நடத்தி அழைத்துப் போகலாம் என்றால் அவளால் ஓர் அடி வைக்க முடியவில்லை.

கிழவரின் சொந்தப் படகு வாசலிலேயே கட்டியிருந்தது. தட்டையான, ஒடுங்கிய மீன்பிடிப் படகு. அத்தான் அதற்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு துடுப்புகள் கிடந்தன. அவர் முகம் மாறிவிட்டது.

"இவங்களும் நின்னுக்கிட்டுத்தான் போடுவாங்களா? கேளு."

கேட்டேன். கிழவர் வலிக்காத கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து காட்டினார். அத்தான் காலணியைக் கழற்றினார். கால்சட்டையைத் தொடை வரை சுருட்டினார்.

"அந்தப் பிள்ளையைப் படுக்கச் சொல்லு. நீ முன்னால போய் மல்லாந்து படுத்துக்க."

"அத்தான், பாலத்துக்கு அடியில இடமே இல்லையே?"

"யபாடே," என்றார். பரவாயில்லை என்பதற்கு நாங்கள் எல்லோரும் சொல்லும் பர்மியச் சொல். "டலா துறையில கப்பல் கயித்துக்கு அடியில பூந்து வந்தவன் நான்."

துடுப்புகள் குறுக்கே வந்து விலகின. படகு சுவரில் இடிக்காமல் வளைவுக்கு நேராகப் போனது. கடைசி நொடியில் துடுப்புகளை உள்ளே இழுத்துப்போட்டு அவரும் மல்லாந்தார். வழவழத்த கல்லை உள்ளங்கைகளால் தள்ளித் தள்ளி நகர்ந்தோம். செங்கல் தூள் கண்ணில் விழுந்தது. அந்தப் பெண்ணின் மூச்சு என் காதருகே இரைந்தது. நடுவில் படகு சிக்கியது. அத்தான் காலைத் தூக்கிப் பாலத்தில் ஊன்றி ஓர் உதை விட்டார். வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம்.

மோட்டார் படகில் இருந்த நர்ஸ்மார் அவளைத் தூக்கிக்கொண்டார்கள். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து குழந்தை வீரிட்டது. பெண் குழந்தை. பாலத்தின் மேல் வந்து நின்ற கிழவர் அழுதுகொண்டே சொன்னார்: "இந்த வாய்க்கால் இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது!"

திரும்பும்போது அந்தப் படகுக்காரர்கள் இருவரும் தங்கள் துடுப்பை வானத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்கள். அது அவர்களுடைய மரியாதை என்றார் கிழவர். அத்தான் ஒரு கணம் திகைத்தார். பிறகு தன் இரண்டு துடுப்புகளையும் ஒன்றாக உயர்த்தி, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சிரித்தார்.

ரங்கூனில் இதைச் சொன்னபோது அக்கா நம்பவில்லை. நான் சத்தியம் செய்த பிறகு, "இதுக்குத்தான் நான் இவரைக் கட்டினேன்" என்றாள். அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை விருந்துக்கு அழைத்து, அத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாலத்துக் கதையைச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

இப்போது பத்திரிகைகளில், தண்ணீரும் கூட்டமும் சேர்ந்து வெனிஸைத் தின்கின்றன, சொந்த ஊர்க்காரர்கள் காலி செய்துகொண்டு போகிறார்கள் என்று எழுதுகிறார்கள். நாங்கள் போனபோதும் அதைத்தான் சொன்னார்கள். அத்தான் காலமாகி நெடுநாளாகிறது. அன்று பிறந்த அந்தப் பெண்ணுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம். அங்கேயே இருக்கிறாளா, எனக்குத் தெரியாது. ஆனால் ஊரே முங்கிக் கிடந்த ஒரு காலையில் அவள் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். கொண்டுவந்து சேர்த்தவர் எங்கள் சம்பான்காரர்.