குழியின் கரையை விட்டுத் தள்ளி நின்றவர்களுக்கு

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். முதல் பக்கத்தில் அண்ணனின் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்காக அவரை நாற்காலியில் உட்கார வைக்க ஸ்டுடியோக்காரர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாழ்நாள் முழுக்க ஓரிடத்தில் கால் தரிக்காத மனிதர் அவர். நானும் அதே ரகம். ஆகவே இந்தக் கட்டுரை பிறந்தார், வளர்ந்தார் என்று நிதானமாகப் போகாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி ஒரு வருடமாக நம் குடும்பத்தில் பேச்சு ஓடுகிறது. “கடைசி மண்ணைக்கூடப் பக்கத்துல நின்னு போடவுடல”, “யானையைப் புதைக்கிற மாதிரி குழி வெட்ட வெச்சிட்டா”, “பி.டி. டீச்சர் புத்தியை அங்கயும் காட்டிட்டா” என்றெல்லாம் சொன்னது என் காதுக்கும் வந்தது. நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. குரல் கொஞ்சம் பெரியதுதான். ஆனால் அன்று காலையில் அந்தக் குழியில் என்ன நடந்தது என்பது நாலைந்து பேருக்கு மட்டுமே தெரியும். அண்ணியின் மனம் நோகும் என்று வெளியே சொல்லாமல் வைத்திருந்தோம். போன மாதம் அண்ணியிடமே சொல்லிவிட்டேன். அவர் அழுதுவிட்டு, “எழுதிடும்மா. அவரு இருந்தா அவரே மைக் புடிச்சி சொல்லியிருப்பாரு” என்றார்.

அண்ணன் பிறந்தது மரக்காணத்தில். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கிவிட்டால் வேலை கிடையாது. அம்மா நடவுக்குப் போவார், அப்பா கிடைத்த வேலைக்குப் போவார். அண்ணன் விடுமுறை நாட்களில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டே படித்தார். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பதிக்கும் ஒரு காண்டிராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். பேண்டில் சேறு படிந்து வந்தாலும் அம்மாவுக்கு அது ஆபீஸ் உத்தியோகம்தான். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் அது நடந்தது. திண்டிவனம் பக்கம் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெருமுக்கல்லிலிருந்து வந்த ஒருவர் அண்ணனோடு வேலை பார்த்தார். இருவரும் ஒரே பைக்கில் போய் வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். அன்று வேலை முடிந்து எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கீழேயே வைத்துவிட்டு வந்தது அந்த நண்பருக்கு நினைவு வந்தது. “ஒரு நிமிஷம், எடுத்துக்கினு வந்துடறேன்” என்று இறங்கினார். தோண்டிய மண் முழுக்கக் கரையிலேயே குவிந்து கிடந்தது. பக்கத்தில் ஜேசிபி திரும்பியது. அந்த அதிர்வில் கரை அப்படியே உள்ளே சரிந்தது. அண்ணன் வெறுங்கையால் மண்ணை வாரினார். வெளியே எடுத்தபோது நண்பருக்கு உயிர் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அண்ணன் முன்னால் “ஒரு நிமிஷம்” என்று யாரும் சொல்ல முடியாது. “ஒரு நிமிஷம் இருங்க, தோசை வருது” என்று அண்ணி சொன்னால்கூட முகம் மாறிவிடும். தூக்கத்தில் இரண்டு கையாலும் பாயைப் பறிப்பார் என்று அம்மா சொல்லி அழுதிருக்கிறார்.

அதன் பிறகு அண்ணன் பணியிடப் பாதுகாப்புக்கான படிப்பைத் தனியாகப் படித்து, அதே வேலைக்கே மாறிக்கொண்டார். காலையில் ஒரு ஆள் பள்ளத்தில் இறங்குவதற்கு முன் கரையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ராத்திரி மழை பெய்ததா, கரையை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா, அடியில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்ப்பார். கீழே கரண்ட் கேபிள் போகிறதா என்று மின்வாரியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கடப்பாரையைத் தொட விடமாட்டார். நம் கடற்கரை மணல் சொன்ன பேச்சு கேட்காது என்பார். அதனால் பள்ளம் ஆழமாகப் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் இருபுறமும் பலகை வைத்துச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்க வேண்டும். மண்ணைக் கரையில் கொட்டினவருக்கு அன்று அர்ச்சனைதான். ஏணி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. “தொத்தித் தொத்தி ஏறுறதுக்கு நீ இன்னா நண்டா?” என்று கேட்பார். சைட்டில் அவருக்கு ஏணிக்காரர் என்று பேர். கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சாயங்காலம் கிளம்புமுன் ஒரே கேள்வி கேட்பார்: “இறங்கினவங்க எல்லாரும் ஏறிட்டாங்களா?” லீவில் வீட்டில் இருந்தாலும் போன் போட்டுக் கேட்பார். ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார்.

இப்படிப்பட்டவரோடு ஒரு விசேஷத்துக்குப் போய் வருவது லேசுப்பட்ட காரியமல்ல. குயிலாப்பாளையத்தில் மாமா பெண்ணின் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் காணவில்லை. தேடிப் போனால், பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டுகிற ஆட்களோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். “அண்ணே, பாயசம் ஆறுது” என்றேன். “மண்ணு சரியுது பாப்பா, பாயசமா பெருசு?” என்றார். பட்டு வேட்டியில் சேற்றோடு அவர் திரும்பி வந்தபோது இலை எடுத்துவிட்டார்கள். அண்ணி ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவரோடு பேசவில்லை.

இதய நோய் வந்து புதுச்சேரி மருத்துவமனையில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் அவருக்கு ஓய்வில்லை. ஜன்னலுக்குக் கீழே சாலையில் தோண்டும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க என்னைக் கூப்பிட்டு, “ஏணி போட்டிருக்கானா, பார்த்துட்டு வா” என்றார். போனேன். போடவில்லை. நானும் சும்மா வரவில்லை. சத்தம் போட்டு, எங்கிருந்தோ ஒரு ஏணியை வரவழைத்து, கீழே இருந்தவர் அதில் ஏறி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடித் தூங்கினார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசி வேலை.

இப்போது அடக்க நாளுக்கு வருகிறேன்.

நம் தெருவில் ஒருவர் இறந்தால் தெருப் பிள்ளைகளே குழி வெட்டுவார்கள். எவ்வளவு ஆழமோ அவ்வளவு மரியாதை என்பது நம் எண்ணம். வருகிற எல்லோரும் ஒரு பிடி மண் போட வேண்டும் என்பதால் தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவித்து வைப்பது வழக்கம். அண்ணன் வாழ்நாளெல்லாம் எதைச் செய்யாதே என்று தொண்டை வறளக் கத்தினாரோ, அதையே அவருக்கு மரியாதை என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. அண்ணனை அசையாமல் பார்த்துப் பழக்கமே இல்லை எனக்கு. எழுந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். முந்தின நாள் வரை நல்ல மழை. உப்பளத்துப் பக்கமிருந்து தண்ணீர் ஊறி மணல் கனத்துக் கிடந்தது. குழிக்குள் மாமா மகன் சேவியரும் அவன் நண்பன் ஆரோக்கியமும் இருந்தார்கள். அவர்கள் தலைகூட வெளியே தெரியவில்லை. விளிம்பில் ஈரமண் மலையாகக் குவிந்திருந்தது. குவியலுக்குப் பின்னால் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஏணி இல்லை.

“டேய் சேவியர், மேல ஏறுங்கடா ரெண்டு பேரும்!” என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து சேவியர், “ஒரு நிமிஷம்க்கா. மூலையை மட்டும் சமமாக்கிட்டு வந்துடறோம்” என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நிதானம் போய்விட்டது. என்ன வசவெல்லாம் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா கோபமாக ஓடி வந்தார். “ஏம்மா, செத்த வீட்டுல இப்டியா கத்துவ? இது இன்னா டிரைனேஜ் பள்ளமா? கல்லறைம்மா!”

“மண்ணுக்கு அது தெரியுமா சித்தப்பா? கையைக் குடுத்துத் தூக்குங்க. இப்பவே!”

அவர் முறைத்தார். ஆனால் குனிந்து கையைக் கொடுத்தார். முதலில் ஆரோக்கியம் வந்தான். பிறகு சேவியர், முணுமுணுத்துக்கொண்டே. நாங்கள் நகர்ந்து வந்த பிறகு, அவன் காலில் ஒட்டிய சேற்றை உதறிக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டையை இறக்கி வைக்கும் சத்தம்தான். திரும்பிப் பார்த்தால் கரை, குவியலோடு உள்ளே போயிருந்தது. சேவியர் குழிக்குள் சாய்த்து வைத்துவிட்டு வந்த மண்வெட்டியைக் காணவில்லை.

சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். “குழி சரிஞ்சிதுன்னு வீட்டுல சொல்லாதம்மா. உன் அண்ணி தாங்க மாட்டா” என்றார். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போய் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

அதன் பிறகு வெட்டியதுதான் நீங்கள் பார்த்த குழி. அதனால்தான் அத்தனை அகலம், பக்கமெல்லாம் சரிவு. அதனால்தான் ஆழம் குறைவு. மண் தூரத்தில் கிடந்ததும், ஒரு பிடி மண்ணை நீங்கள் சித்தாள்கள் மண் தூக்கும் பாண்டுச் சட்டியிலிருந்து எடுத்துப் போட வேண்டியிருந்ததும், பெட்டியை இறக்கியவர்கள் பலகைமேல் நின்றதும் அதனால்தான். அடக்கம் தாமதமானதற்கும் அதுவே காரணம். நீங்கள் எல்லோரும் அவரைப் பார்க்கும் ஆசையில் விளிம்பை நெருங்கியபோது, “பின்னாடி போங்க” என்று நான் பள்ளி மைதானத்துக் குரலில் கத்தியதும் அதற்காகத்தான். மரியாதைக் குறைவு என்று நினைத்தவர்கள் இனி நினைக்க வேண்டாம். என் அண்ணனின் குழியில் இன்னொரு வீட்டுப் பிள்ளை போயிருந்தால், எந்த முகத்தோடு நான் அவருக்கு மண் போட்டிருப்பேன்?

மருத்துவமனையில் அண்ணனைக் கவனித்த செவிலியர்களுக்கும், தாமதத்தைப் பொறுத்து மாலை மங்கும்வரை எங்களோடு நின்ற பங்குத்தந்தைக்கும், ஒரே நாளில் இரண்டு முறை குழி வெட்டிய தெருப் பிள்ளைகளுக்கும், ஏணி கொண்டு வந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அன்று என்னைத் திட்டிக்கொண்டேயாவது கரையை விட்டுத் தள்ளி நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. இனி நம் ஊரில் யாருக்குக் குழி வெட்டினாலும் இப்படியே தள்ளி நில்லுங்கள். நினைவுப் பூசைக்கும் மாலைக்கும் மேலாக அண்ணனுக்கு நாம் செய்யக்கூடியது அதுதான்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பெட்டியை இறக்கியபோது கயிறு அடியில் மாட்டிக்கொண்டது. ஆரோக்கியம் ஏணியில் இறங்கி அதை விடுவித்துவிட்டு மேலே வந்தான். கூட்டம் ஜெபித்துக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சேவியர் பக்கம் திரும்பி, “இறங்கினவங்க எல்லாரும் ஏறிட்டாங்களாடா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் குழியை எட்டிப் பார்த்தான். “ஏறிட்டோம்க்கா” என்றான். பிறகு குரல் உடைந்து, “அண்ணன் மட்டுந்தான்...” என்றான்.