பச்சை எரியாத கை

வளைகாப்பு முடிந்து, பெரம்பலூரில் மாமியார் வீட்டிலிருந்து ஆண்டிமடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு என்னை அழைத்து வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே வேலைதான். என்னைத் தேற்றிக் காட்ட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்தும் சதை போடவில்லை என்றால் ஊர் என்ன பேசும்? முட்டையும் கீரையும் முந்திரிப்பருப்பும் என் தட்டில் குவிந்தன. வேண்டாம் என்றால், "ஒனக்காவா போடுறேன்?" என்பாள்.

வந்த புதிதில் கை நிறையக் கண்ணாடி வளையல்கள். நான் தலை வாரினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மாதம் ஏற ஏறச் சத்தம் குறைந்தது. முழங்கை வரை ஏறி இறங்கிய வளையல்கள் மணிக்கட்டிலேயே நின்று தோலில் பதிந்தன. அம்மா பூரித்துப் போனாள். எங்கள் வாசலில் முந்திரிக்கொட்டை உடைக்க வரும் பெண்களிடம் என் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்கடி, வளையலு இறுகிப் போச்சு. எல்லாம் பொறந்த வூட்டுச் சோறு."

எனக்கோ இரண்டு நாளாகத் தலைவலி. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது போல இருந்தது. வெயில் என்றாள் அம்மா. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். தலைவலியும் சேர்ந்துகொள்ள, வாயைத் திறந்தாலே சண்டைதான்.

அன்று காலை எங்கள் பகுதி நர்ஸம்மா ஸ்கூட்டியில் வந்தார். பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு பிரஷர் மிஷினை எடுத்தார். புதிதாகக் கொடுத்திருக்கிறார்களாம். விலை குறைவு, செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டாலும் விளக்கைப் பார்த்தால் போதும், பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் ஆபத்து என்றார். என் புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். சிவப்பு எரிந்தது.

நர்ஸம்மா உடனே 108-க்குப் போன் செய்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணுங்க்கா. இப்பவே."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "சதை போட்டு நல்லா இருக்கற புள்ளைங்க இது. இத்துனூண்டு பொட்டி என்னத்தக் கண்டுச்சு? செவ்வாக்கெழம வேற. நாளைக்குப் பாத்துக்கலாம்."

நர்ஸம்மா வாக்குவாதம் செய்யவில்லை. "வண்டி வர்ற வரைக்கும் ஒங்க கைய நீட்டுங்க" என்றார். அம்மாவுக்குப் பச்சை. மிஷின் பொய் சொல்கிறதா என்று பார்க்க, கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்களை அம்மா ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். பச்சை. பச்சை. ஒருத்திக்கு மட்டும் மஞ்சள். அவள் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பைத் திட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மண்டையோ பிளந்துகொண்டிருந்தது.

"வெளையாடி முடிச்சாச்சா?" என்று கத்தினேன்.

மறுபடி என் கையில் சுற்றினார். சிவப்பு. அம்மா விளக்கைப் பார்த்தாள், பிறகு என் வளையல்களைப் பார்த்தாள்.

"அப்ப இது சதை இல்லீங்களா?"

"இல்லக்கா, நீரு. பிரஷர் ஏறுனா இப்புடி வீங்கும். வுட்டா வலிப்பு வந்துரும். ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

அம்மா அதற்கப்புறம் கிழமை பேசவில்லை. வண்டி வந்ததும் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். சோப்புப் போட்டுச் சில வந்தன. மற்றவை அசையவில்லை, உடைத்தால்தான் உண்டு. தாலி கட்டிய பெண்ணின் கையில் வளையல் உடைப்பதா? தானாக உடைந்தால்கூட 'உடைந்தது' என்று சொல்லாமல் 'வளர்ந்தது' என்று சொல்கிறவள் அம்மா. சண்டைக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையை என் கையில் சுற்றி, ஒவ்வொன்றாக அவளே உடைத்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆனாலும் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போனது.

வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். மறுநாள் மகள் பிறந்தாள். எடை குறைவுதான், கோபம் மட்டும் என் அளவுக்கு இருந்தது. சோப்புப் போட்டுக் கழற்றிய வளையல்களை, பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுக்கும் வழக்கப்படி, அம்மா நர்ஸம்மாவிடம் கொடுத்தாள். பிரசவம் பார்த்தது நான் இல்லையே என்றார் அவர். "நீங்கதாங்க பாத்தீங்க" என்றாள் அம்மா. என் மனதில் இருந்ததும் அதுதான். அவருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கும் நான் ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

இப்போது எங்கள் தெருவில் வளைகாப்பு முடிந்து எந்தப் பெண் வந்தாலும் அம்மா முதல் ஆளாகப் போய்விடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறாள். வளையல் குலுங்கினால் விடுகிறாள். குலுங்கவில்லை என்றால், கையை விடாமலே நர்ஸம்மாவுக்குப் போன் போடுகிறாள்.